வந்தவன் தலையில் வரி

1950களில் லாஸ் வேகஸுக்கு ஒரு விசித்திர வியாதி இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர் கொள்ளாத கூட்டம். திங்கட்கிழமை விடிந்தால் ஈ, காக்கை கிடையாது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காரில் வந்தவர்கள், தோற்றது போக மிச்சமிருந்த காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஊரைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

ஓட்டல் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. 1955ல் மட்டும் ரிவியரா, டூன்ஸ், ராயல் நெவாடா, மூலான் ரூஜ் என்று வரிசையாகத் திறந்தார்கள். ரிவியராவின் திறப்பு விழாவுக்குப் பியானோ வாசிக்க வந்த லிபராச்சிக்கு வாரச் சம்பளம் 50,000 டாலர். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரக்கூடிய முதல் காசினோ ஓட்டல் மூலான் ரூஜ். அதன் ஆட்டக்காரிகளை ஜூன் மாதம் அட்டையில் போட்ட 'லைஃப்' பத்திரிகை, "இந்த வீக்கம் தாங்குமா?" என்கிற தோரணையில் ஒரு கேள்வியையும் கூடவே போட்டது. தாங்கவில்லை. வருஷம் முடிவதற்குள் மூலான் ரூஜ் கடையைக் கட்டியது.

ஊருக்கு ஓசி வாணவேடிக்கை ஒன்றும் இருந்தது. 1951 முதல், சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, மத்திய அரசு அணுகுண்டு வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு ஊராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார்கள். இவர்கள் விடியற்காலைக் குண்டு பார்க்க வந்தவர்களுக்குக் காக்டெயில் ஊற்றினார்கள். ஆனால் அரசாங்கத்தை நம்பித் திருவிழா நடத்த முடியுமா? அது தனக்குத் தோன்றும்போதுதான் வெடிக்கும்.

ஆகவே அதே 1955ல் நெவாடா சட்டசபை அறை வரிக்கு வழி செய்தது. ஓட்டலில் தங்குகிறவன் வாடகையோடு கொஞ்சம் சேர்த்துக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் இன்னும் பலரைத் தங்க வரவழைக்க வேண்டும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! வரி போடுகிற அரசியல்வாதிக்கு உலகத்தில் ஒரே பயம், ஓட்டு. இந்த வரியைக் கட்டுகிறவனோ ஐயோவாக்காரன்; அவன் ஓட்டு ஐயோவாவில். அதுவும் ராத்திரி சூதாட்ட மேஜையில் 200 டாலரைத் தொலைத்துவிட்டு, தலைவலியோடு கவுண்டரில் நிற்கிறவன் சில்லறைக்குச் சண்டை போடுவானா? மனித சுபாவம் இவ்வளவு நன்றாகப் புரிந்து எழுதப்பட்ட வரிச் சட்டத்தை நான் பார்த்ததில்லை.

அந்தப் பணத்தில் 1959ல் மாநாட்டு மண்டபம் எழும்பியது. பறக்கும் தட்டு ஒன்று பாலைவனத்தில் இறங்கியதுபோல் வெள்ளிக் கூரை. மாநாட்டுக்காரன் செவ்வாய்க்கிழமை வருவான், வியாழன் வரை இருப்பான், செலவுக் கணக்கைக் கம்பெனியிடம் கொடுப்பான். திங்கட்கிழமை வியாதிக்கு மருந்து கிடைத்துவிட்டது.

மிச்சம் டிசம்பர். நன்றி நவிலும் நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவே ஊர் தூங்கி வழியும். அதை எழுப்ப, அறை வரிப் பணத்தில் 'லாஸ் வேகஸ் ஈவென்ட்ஸ்' என்று ஓர் அமைப்பு. அதன் அப்போதைய தலைவர் ஹெர்ப் மெக்டொனால்ட். முன்பு ஓட்டல் விளம்பரக்காரராக இருந்தபோது நடுராத்திரி பசியெடுத்து, இவர் ரொட்டியும் சீஸும் கொண்டுவந்து பார் மேஜையில் பரப்ப, ஆளாளுக்கு வந்து எடுத்துத் தின்றதுதான் வேகஸ் பஃபேயின் பிறப்பு என்று ஊரில் கதை. பசித்தவனுக்கு எதைப் பரப்பினால் வருவான் என்று தெரிந்தவர்.

அவர் இந்தத் தடவை பரப்பியது மண். ஓக்லஹோமா சிட்டியில் இருபது வருஷமாக நடந்துவந்த தேசிய ரோடியோ இறுதிப்போட்டியை, பரிசுத்தொகையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக் காட்டி 1985ல் தூக்கிவந்தார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கில் மண்ணைக் கொட்டி, காளைகளை இறக்கினார்கள். நம்மூரில் திமிலைப் பிடித்துத் தொங்குவார்கள். அங்கே காளை முதுகில் ஏறி, ஒரு கை கயிற்றில், மறு கை காற்றில், 8 விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். பத்து சுற்று. ஊரெல்லாம் கௌபாய் தொப்பி.

காளை வீரர்களின் நுழைவுக் கட்டணத்தைத் தன் கையிலிருந்து கட்டியவர் பென்னி பினியன். டெக்சஸில் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்ற, வேகஸில் காசினோ நடத்திய, வரி ஏய்ப்புக்காக 1950களில் லெவன்வொர்த் சிறையில் கம்பி எண்ணிய மகானுபாவர். வரிப் பணத்தில் நடக்கும் திருவிழாவுக்கு உபயதாரர், வரி கட்டாமல் ஜெயிலுக்குப் போனவர்! கோயில் கல்வெட்டில்கூட இப்படி ஒன்று காணக் கிடைக்காது.

2003ல் இதே அறை வரிப் பணத்தில் ஊருக்கு விளம்பரம் எடுத்தார்கள். இங்கே நடப்பது இங்கேயே இருக்கும் என்று அர்த்தம் வரும் பிரசித்தி பெற்ற கோஷம் அப்போது பிறந்ததுதான். அந்த வருஷ சூப்பர் பவுல் இறுதிப்போட்டியின் ஒளிபரப்பில் ஊர் விளம்பரம் போடக் கேட்டபோது, அதை நடத்தும் என்.எஃப்.எல். அமெரிக்கக் கால்பந்து லீக் முகத்தைச் சுளித்தது. சூதாட்ட ஊராச்சே, தோஷம் ஒட்டிக்கொள்ளும். விளம்பரம் போடாத செய்தியைப் பத்திரிகைகள் பத்தி பத்தியாகப் போட்டன. செலவில்லாமல் விளம்பரம் ஆயிற்று.

தீட்டு பார்த்தவர்கள் பின்னால் இறங்கிவந்தார்கள். 2016ல், அந்த லீக்கின் ரைடர்ஸ் அணிக்கு வேகஸில் மைதானம் கட்ட, அறை வரியில் 0.88 சதவீதப் புள்ளி கூட்டி 75 கோடி டாலர் தருவதாகச் சட்டம். பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாமே என்றவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு யார் அறை எடுத்துத் தங்கப் போகிறார்கள்? மைதானம் 2020ல் தயார். பார்க்கத்தான் ஆளில்லை. கொரோனாவில் ஓட்டல்கள் பூட்டிக் கிடக்க, வரி வற்றி, கடன் தவணைக்குச் சேமிப்பில் கைவைத்தார்கள்.

2024 பிப்ரவரி 11. விளம்பரத்தைக்கூட வாசலில் ஏற்றாத சூப்பர் பவுல், அதே ஊரில், அறை வரியில் எழும்பிய அதே மைதானத்தில் இலை போட்டு உட்கார்ந்தது. பார்க்க வந்த கூட்டம் மறுநாள் காலை கவுண்டரில் வரிசையில் நின்றது. வாடகை, அடியில் வரி. யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.