குமிழைத் திருகிய ஜனங்கள்

1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்கு ஒரே கவலை: சினிமாப் பாட்டால் ஜனங்களின் காது கெட்டுப்போகிறதே! ஆகாசவாணியில் அதற்குக் கதவைச் சாத்திவிட்டு, சாஸ்திரிய சங்கீதத்தை வேளாவேளைக்குப் புகட்டினார்கள். பாவம் அந்தச் சங்கீதம், எந்தத் தப்பும் செய்யாமலே கஷாயம் என்று பெயர் வாங்கியது.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோக் குமிழைக் கொஞ்சம் திருகினார்கள். இலங்கை வானொலி கிடைத்தது. கொழும்பிலிருந்து நம்மூர்ப் பாட்டே மிதந்து வந்தது, நடுநடுவே நம்மூர்ப் பற்பசை விளம்பரமும். பாட்டுக் கேட்டவர்கள் சும்மா கேட்டார்கள். விளம்பரக் காசு மட்டும் கடல் தாண்டியது.

1957 அக்டோபர் 3-இல் ஆகாசவாணியிலேயே விவித் பாரதி என்ற ஒலிபரப்புச் சேவை பிறந்தது. துரத்திவிட்ட பாட்டைத் தாம்பூலம் வைத்து அழைத்தார்கள். அப்போதும் அமைச்சர் கேஸ்கர்தான்.