ஸ்டாக் இருக்கு, சாமான் இல்லை

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தீபாவளிக்கு லீவு விடமாட்டார்கள். மான் வேட்டைக்கு விடுவார்கள். பென்சில்வேனியாவின் நடுப்பகுதியில் இது ஊரறிந்த வழக்கம். நவம்பர் கடைசியில் நன்றி கூறும் நாள் விருந்து முடிந்த கையோடு துப்பாக்கி வேட்டை ஆரம்பமாகிவிடும். 2018 வரை அடுத்து வரும் திங்கட்கிழமைதான் தொடக்க நாள். 2019-ல் அதை முந்தைய சனிக்கிழமைக்கே நகர்த்தினார்கள். திங்கள் லீவை மட்டும் எங்கள் பள்ளிக்கூடம் ரத்து செய்யவில்லை. கொடுத்த லீவைத் திரும்ப வாங்குகிற தைரியம் எந்த நாட்டு ஹெட்மாஸ்டருக்கும் கிடையாது. காட்டுக்குள் போகிறவர்கள் பளீரென்ற ஆரஞ்சு நிறத்தை 250 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் உடம்பில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சட்டம். விடியற்காலையில் மலைச்சரிவில் வரிசையாகப் போவதைப் பார்த்தால் பழநிக்குப் பாதயாத்திரை கிளம்பிய கூட்டம் போலவே இருக்கும்.

மதுரையில் வளர்ந்த எனக்குத் தெரிந்த துப்பாக்கிகள் இரண்டே. ஒன்று, ரோல் கேப் போட்டு வெடிப்பது. இன்னொன்று, பேங்க் வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கும் செக்யூரிட்டி தாத்தாவின் இரட்டைக் குழல். லைசென்ஸ் வைத்திருந்த பெரிய மனிதர்கள்கூட எலெக்‌ஷன் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வீடு திரும்புவார்கள். ஆகவே, என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு ரைஃபிளைக் கழற்றி அக்கக்காகச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, “எஜெக்டரைக் காணோம், கொஞ்சம் வந்து தேடு” என்று கூப்பிட்டபோது எதைத் தேடுவது என்றே எனக்கு விளங்கவில்லை.

விளக்கினார். எழுபதைத் தாண்டியவர், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விளக்கிச் சொல்வதில் அவருக்கு அலுப்பே கிடையாது. அது மார்லின் 336. 1948-ல் வந்த மாடல். விசைக்குக் கீழே வளையமாக இருக்கும் லீவரை இறக்கி ஏற்றினால் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே தெறிக்கும், புதுத் தோட்டா உள்ளே போகும். கூட்டைத் தெறிக்க வைக்கிற சாமானுக்குத்தான் எஜெக்டர் என்று பெயர். சுண்டுவிரல் நீளம்கூட வராத இரும்புத் துண்டு, முதுகில் சின்னதாக ஒரு ஸ்பிரிங். துப்பாக்கியின் உள்சுவரில் ஒரு பள்ளத்தில் சும்மா சாய்ந்துகொண்டிருக்கும். லீவர் திருகைக் கழற்றி, லீவரை எடுத்து, போல்ட்டைப் பின்னால் இழுத்தீர்களோ, பிடிமானம் போய்த் தொப்பென்று கீழே விழும். விழுந்தது. தரையில் ஹீட்டர் காற்று வருவதற்கான கம்பித் துவாரம் இருந்தது. போய்விட்டது.

அது அவருடைய அப்பா வாங்கிய துப்பாக்கி. குழலில் ஜேஎம் என்று முட்டை வடிவ முத்திரை இருக்கும். பழைய மார்லின் தொழிற்சாலையில் செய்ததற்கு அதுதான் அத்தாட்சி. அதைத் தடவிக் காட்டும்போது பெரியவர் குரல் கொஞ்சம் கம்மியது. நான் மானின் கட்சி. இருந்தாலும் அந்தக் குரலுக்கு முன்னால் என்ன செய்ய?

“நீ கம்ப்யூட்டர்காரன்தானே, ஆன்லைனில் பார்த்துச் சொல்” என்றார்.

கம்ப்யூட்டர்காரன் மட்டுமல்ல, என் பிழைப்பே இதுதான். ஒரு துணிக்கடைக்காரரின் இணையதளத்துக்குச் சரக்கு இருப்புக் கணக்கு பார்க்கும் புரோகிராம் எழுதுகிறேன். உட்கார்ந்து தேடினேன். கிடைத்தது. பச்சை எழுத்தில் ‘ஸ்டாக் இருக்கிறது’. அடியில், ‘3 மட்டுமே பாக்கி’. அதற்கும் அடியில், ‘இந்தப் பொருளை இப்போது 11 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’. நள்ளிரவில், என்னையும் சேர்த்துப் பதினோரு பேர், பழைய மார்லின் எஜெக்டரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தோமாம்.

விலை 18 டாலர், அனுப்புகிற கூலி 12 டாலர். துப்பாக்கிச் சாமானைத் தபாலில் அனுப்புவார்களா என்று எனக்குச் சந்தேகம். அனுப்புவார்கள். 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி நடுவில் இருக்கும் ரிசீவர் என்ற உடற்பகுதிதான் துப்பாக்கி. சீரியல் நம்பர் அதில்தான் இருக்கும். கடையில் அதை வாங்க வேண்டுமானால் லைசென்ஸ் பெற்ற டீலர், பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. எஜெக்டர், ஸ்பிரிங், திருகு, மரக்கட்டை எல்லாம் வெறும் சாமான். உறையில் போட்டு வீட்டு வாசல் பெட்டிக்கே வந்துவிடும். ஊருக்குப் போய்வரும்போது பெட்டியில் ஒரு இமாம்பசந்து வைத்துக் கொண்டுவந்தால்தான் விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள்.

பணம் அந்த நிமிடமே கார்டிலிருந்து போய்விட்டது. ‘உங்கள் ஆர்டர் வந்ததில் எங்களுக்கு ஒரே குதூகலம்’ என்று மின்னஞ்சல் வந்தது. மறுநாளே டிராக்கிங் நம்பர். திறந்து பார்த்தால், ‘லேபிள் தயார், பொருளுக்காகக் காத்திருக்கிறோம்’ என்று தபால்துறை சொல்கிறது. அதாவது, முகவரி எழுதிய சீட்டு இருக்கிறது; ஒட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. வாரங்கள் போயின. மேப்பிள் இலையெல்லாம் சிவந்து கொட்டி முடிந்தது. லேபிள் அசையவில்லை.

இந்தக் கதை நடந்தது 2021 இலையுதிர்காலத்தில். அப்போது மார்லின் சாமானுக்கு நேரமே சரியில்லை. 1870-ல் ஜான் மார்லின் கனெக்டிகட்டில் தொடங்கிய கம்பெனியை 2007 கடைசியில் ரெமிங்டன் வாங்கியது. 2011-ல் பழைய தொழிற்சாலையை மூடி, எந்திரங்களை நியூயார்க் மாநிலத்தின் இலியனுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். 2020 ஜூலையில் ரெமிங்டன் திவாலாகி, துண்டு துண்டாக ஏலம் போனது. மார்லின் துண்டை ரூகர் கம்பெனி எடுத்தது. முந்தைய முதலாளிகள் காலத்து மார்லினுக்குச் சாமானோ சர்வீஸோ எங்களிடம் இல்லை என்று ரூகர் கையை விரித்துவிட்டது. இதற்கு நடுவில் பெருந்தொற்றுப் பீதியில் நாடே துப்பாக்கிக் கடையில் நின்றது. எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைகள் 2019-ல் சுமார் 2.84 கோடி, 2020-ல் 3.97 கோடி. அலமாரிகளைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். அப்புறம் எப்படி ஐயா அந்தப் பச்சை எழுத்து?

தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். பல இணையக் கடைகளுக்குக் கடையே கிடையாது. கிடங்கு வைத்திருப்பவர் மொத்த வியாபாரி. அவர் ராத்திரிக்கு ராத்திரி ஒரு ஃபைல் அனுப்புவார்: இந்த நம்பர் பொருள் இத்தனை. கடைக்காரரின் புரோகிராம் அதை வாங்கித் தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளும். அதே ஃபைல் நாற்பது கடைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடங்கில் மூன்று எஜெக்டர், இணையத்தில் நூற்றிருபது. கண்ணப்ப நாயனாருக்குக்கூட இத்தனை வேட்டை உபகரணம் வாய்த்திருக்காது.

அது பரவாயில்லை, மறுநாள் ஃபைலில் சரியாகிவிடும். இன்னொரு கூத்து இருக்கிறது. உற்பத்தியே நின்றுபோன பொருளை மொத்த வியாபாரி ‘பூஜ்யம்’ என்று எழுதி அனுப்புவதில்லை. அந்த வரியையே ஃபைலிலிருந்து எடுத்துவிடுவார். கடைக்காரரின் புரோகிராமோ வந்த வரியை மட்டும்தான் திருத்தும். வராத வரியைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. கடைசியாக என்றைக்கோ இருந்த 3 அப்படியே நின்றுவிடும். செத்தவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்து தவறாமல் ஓட்டுப் போடுவதெல்லாம் இந்த வழியில்தான்.

எல்லாப் பழியையும் புரோகிராம் மேல் போட நான் தயாரில்லை. அது எங்கள் ஜாதி. திருத்தத் தெரியும், திருத்தமாட்டார்கள். ‘ஸ்டாக் இல்லை’ என்று போட்டால் விளம்பரத்தில் அந்தப் பக்கம் பின்னால் போய்விடும், ஆள் வரமாட்டார். ‘இருக்கிறது’ என்று போட்டால் ஆள் வருவார், பணம் வரும். சாமான் அகப்பட்டால் அனுப்பலாம். அகப்படாவிட்டால் மன்னிப்புக் கடிதம் அனுப்பலாம். அதற்கு டெம்ப்ளேட் இருக்கிறது. அதுவரை என் முப்பது டாலர் அவர்களிடம் வட்டியில்லாக் கடனாக இருக்கும்.

ஆர்டரை ரத்து செய்யச் சொல்லி எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. ரத்து செய்யலாம்; ஆனால் இருபது சதவீதம் ரீஸ்டாக்கிங் ஃபீ பிடித்துக்கொள்வார்களாம். அதாவது, பொருளை மறுபடியும் எடுத்து அலமாரியில் வைப்பதற்கான கூலி. இல்லாத பொருளை, அது எப்போதுமே இல்லாத அலமாரியில், திரும்ப வைக்க 3 டாலர் 60 சென்ட். என் மனைவி அந்த மின்னஞ்சலை இரண்டு தடவை படித்துவிட்டு, “குடுத்துடுங்க, இவ்வளவு கற்பனைக்கு இதுகூட இல்லைன்னா எப்படி” என்றாள்.

நான் கொடுக்கவில்லை. இந்த நாட்டில் ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு 1975-லிருந்து ஒரு விதி இருக்கிறது. தபால் ஆர்டருக்காக வந்தது, பிறகு தொலைபேசி, இணையம் என்று விரிந்தது. சொன்ன தேதிக்குள் அனுப்ப முடியும் என்பதற்கு நியாயமான ஆதாரம் இல்லாமல் விளம்பரமே செய்யக்கூடாது. தேதி சொல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. தாமதமானால் வாங்கியவரிடம் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் முழுப்பணத்தையும் திருப்ப வேண்டும். 1999 கிறிஸ்துமஸுக்கு வாக்குக் கொடுத்துச் சொதப்பிய ஏழு இணையக் கடைகளிடம் 2000-ல் மொத்தம் 15 லட்சம் டாலர் கறந்தார்கள். 2020-ல் ஒரு ஆடை நிறுவனம் 93 லட்சம் டாலர் கட்டிச் சமரசமானது. விதியின் பெயரை மட்டும் ஒரு வரியில் எழுதி அனுப்பினேன். குதூகலம், மன்னிப்பு எதுவும் இல்லாமல் முப்பது டாலரும் திரும்பி வந்தது.

எஜெக்டர் கிடைத்தது வேறொரு இடத்தில். அரைமணி தூரத்தில் ஒரு கிழட்டு கன்ஸ்மித். இணையதளம் கிடையாது, போர்டில் பாதி எழுத்து உதிர்ந்துபோயிருக்கும். பெரியவர் ஃபோன் போட்டார். அந்தப் பக்கம், “இரு, பார்க்கிறேன்” என்று ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம். காலடிச் சத்தம். டிராயர் இழுக்கும் சத்தம், இன்னொரு டிராயர், தகர டப்பாவைக் கவிழ்க்கும் சத்தம், ஒரு கெட்ட வார்த்தை. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே, “ஒன்று இருக்கிறது, பழசு, பத்து டாலர்” என்றார். நான் எழுதிய எந்தப் புரோகிராமும் இதுவரை டிராயரை இழுத்துப் பார்த்ததில்லை.

சிறுசேரியிலும் சரவணம்பட்டியிலும் உட்கார்ந்து உலகத்துக் கடைகளுக்கெல்லாம் இருப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஃபைலில் ஒரு வரி வராமல்போனால் அதைப் பூஜ்யமாக்குங்கள். எண்ணிக்கை மூன்றுக்குக் கீழே போனால் பச்சை எழுத்தை எடுத்துவிட்டு, ‘ஃபோன் செய்து கேளுங்கள்’ என்று ஒரு நம்பர் போடுங்கள். விற்பனை குறையும் என்று மேனேஜர் குதிப்பார். அவரிடம் அந்த 93 லட்சம் டாலர் கணக்கைச் சொல்லுங்கள். பதினோரு பேர் பார்க்கிறார்கள் என்ற வரியையும் அப்படியே தூக்கிவிடுங்கள்.