பேராண்டிக்கு ஒரு கன்வெர்ட்டர் பாடம்

ஏம்ப்பா பேராண்டி, மெப்ஸுக்குப் போற பெரிய துரையே! நான் படிச்சது மூணாங்கிளாஸோட சரி. ஆனா ராத்திரி பூரா நீ திண்ணையில உக்காந்து போன்ல கத்துறதைக் கேட்டுக் கேட்டு, டபிள்யூபிஎஃப் எனக்கும் பாதி மனப்பாடம். கெழவன் சொல்றதைக் கொஞ்சம் கேளு.

ட்ரூ, ஃபால்ஸை வாங்கிக் காட்டு, மறைன்னு மாத்துற கன்வெர்ட்டரை மைக்ரோசாஃப்ட்காரன் 2006-லயே செஞ்சு உள்ள வெச்சுட்டான். பூலியன் டு விசிபிலிட்டின்னு பேரு. அது தெரியாம உங்க டீம்ல எட்டுப் பேரும் ஆளுக்கொண்ணு எழுதியிருக்கீங்க. உழைப்பாளிங்கப்பா! தலைகீழா மாத்த அதுல வழியில்லதான். அதுக்குச் சொந்தமா ஒண்ணு எழுது, 'இன்வெர்ட்'னு ஒரு பிராப்பர்ட்டி வையி, ரெண்டு வேலைக்கும் ஆச்சு. ஆப் ஸாமல்ல ரிசோர்ஸா ஒருக்காப் போட்டுட்டா எல்லா விண்டோவும் எடுத்துக்கும்.

மறைக்கிறதுலயும் ரெண்டு வகை இருக்குடா. ஹிட்டன்னா பீச் வண்டி சீட்டுல துண்டு போட்ட கதை: ஆளு இருக்காது, இடமும் கிடைக்காது. கொலாப்ஸ்டுன்னா துண்டையும் எடுத்தாச்சு.

அப்புறம் அந்த கன்வெர்ட்பேக். 'நாட் இம்ப்ளிமென்டட்'னு எக்ஸெப்ஷனை வீசிட்டு நிம்மதியாத் தூங்குற. டெக்ஸ்ட்பாக்ஸ் ரெண்டு பக்கமும் பேசுமே! கிளார்க்கு தொகையைத் திருத்தி டேப் அமுக்கினதும் ஆப்பு பொத்துனு விழும். கன்வெர்ட்டர் வீசுறதை பைண்டிங் பிடிக்காது. திருப்பித் தர முடியலைன்னா 'டூ நத்திங்' கொடு, இல்ல ஒன்வேன்னு சொல்லிடு.

கல்ச்சர்னு ஒண்ணு வருதே, அதை எப்பவாச்சும் கண்டுக்கிட்டியா? நீ வாயத் தொறக்கலைன்னா அது அமெரிக்கா இங்கிலீஷு. ஏப்ரல் 3-ந் தேதி ரசீது 4/3-னு வரும். சேலையூர் வீட்டுக்காரம்மா அதை மார்ச் 4-னு படிச்சுட்டு ஏப்ரல் வாடகையை மறுபடி கேப்பாங்க. பத்து லட்சம் 1,000,000-ன்னு நிக்கும். கன்வெர்ட்டர் கல்ச்சர்ல என்-ஐஎன் போடு, 10,00,000-ன்னு ஒழுங்கா வரும்.

ஜிஎஸ்டி ரோட்டுல குடியிருக்கோம்னு ஜிஎஸ்டி கணக்கையும் கன்வெர்ட்டர் தலையில கட்டாத. அது வியூமாடல் வேலை. கன்வெர்ட்டர் மாத்திக் கொடுக்கிற ஆளு, முடிவெடுக்கிற ஆளில்ல.

நாளைக்குப் போனதும் அந்த எட்டுல ஏழை அழி. யாரோடதை வெச்சேன்னு மட்டும் வெளிய சொல்லிடாத, சண்டை வரும்.