திட்டு வாங்க வேண்டியவர் யார்?

சிங்கப்பூரின் டோபி காட் நிலையத்தில் மூன்று பெருவிரைவு ரயில் தடங்கள் சந்திக்கின்றன என்பதும், அங்கிருந்து வட்டப் பாதையில் ஐந்தாவது நிறுத்தம் தேசிய விளையாட்டரங்கம் என்பதும் பயணிகளுக்குச் சாதாரணச் செய்திகளே எனினும், தேசியக் காற்பந்து அணி தோற்ற இரவுகளில் பழி எவ்வாறு இடம்பெயர்கிறது என்பதை ஆராய விழைவோருக்கு இதைவிட வசதியான களம் வாய்ப்பது அரிது. ஆட்டம் முடிந்து திரும்பும் பெட்டியில், நிக்கல் ஹைவே வருவதற்குள் தலைமைப் பயிற்றுநர் பதவியிழந்துவிடுகிறார். எஸ்பிளனேடைத் தாண்டும்போது காற்பந்துச் சங்கம் கலைக்கப்படுகிறது. டோபி காட்டில் தடம் மாறி, அடுத்த நிலையமான லிட்டில் இந்தியாவில் இறங்கிப் பரோட்டாவுக்குக் காத்திருக்கும் வேளையில் புதிய பயிற்றுநர் நியமிக்கப்பட்டு, அவர்மீதும் ஐயம் எழுந்துவிடுகிறது. இத்தனைக்கும் இடையில் துணைப் பயிற்றுநரின் பெயர் ஒருமுறைகூட அடிபடுவதில்லை.

தலைமைப் பயிற்றுநர் எனப்படுபவர் ஆடும் பதினொருவரையும் ஆட்ட உத்தியையும் முடிவு செய்து, தோற்றபின் செய்தியாளர்முன் அமர்ந்து விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர். துணைப் பயிற்றுநரோ அன்றாடப் பயிற்சியை நடத்தி, எதிரணியின் பழைய ஆட்டங்களைத் திரையில் அலசி, பல அணிகளில் கார்னர், ஃபிரீ கிக் போன்ற, பந்தை நிறுத்திவைத்து உதைக்கும் தருணங்களுக்குப் பொறுப்பேற்பவர். ஆகவே கார்னரிலிருந்து வாங்கிய கோலையேனும் துணைவரின் கணக்கில் எழுதுவதே நியாயம்; ஆனால் ஒருவரை மனமாரத் திட்டுவதற்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்னும் நடைமுறைச் சிக்கல் குறுக்கே நிற்கிறது.

பெயர் தெரிந்திருப்பதன் விலைக்கு வி. சுந்தரமூர்த்தியைவிடச் சிறந்த சான்று இல்லை. எதிரணித் தடுப்பாளர்களை நிலைகுலைய வைக்கும் ஆட்டத்தால் புகழ்பெற்று, சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்துக்கும் ஆடிய அவர், 2013இல் பயிற்றுநராக, மலேசிய லீக்கில் ஆடிய சிங்கப்பூரின் லயன்ஸ் டுவெல்வ் அணிக்கு மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை வென்று தந்தபோது மேதையாகக் கருதப்பட்டார். 2016இல் தேசிய அணியை ஏற்றார். 2017 முழுவதும் அந்த அணி ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. ஜூன் மாதம் அர்ஜென்டினாவிடம் 0-6 என்று தோற்றது. (அர்ஜென்டினாவிடம் தோற்றதற்கும் பயிற்றுநரைக் கடிந்தவர்கள், சிங்கப்பூரர்களின் தன்னம்பிக்கைக்குச் சான்றாகப் போற்றத்தக்கவர்கள்.) தாக்குதல் ஆட்டத்தின் அடையாளமாக இருந்தவர் தற்காப்பிலேயே குறியாக இருக்கிறார் என்று குறை கூறப்பட்டு, 2018 ஏப்ரலில் விலகினார். அக்காலத்தில் அவருக்குத் துணைநின்றவர்களை யார் திட்டினார்கள்?

இடைக்காலப் பயிற்றுநர், அதாவது நிலையான ஒருவர் கிடைக்கும்வரை பொறுப்பை வகிப்பவர், பெரும்பாலும் துணைவர்களிலிருந்தே எடுக்கப்படுகிறார். 2022 மார்ச்சில் அவ்வாறு பொறுப்பேற்ற நஸ்ரி நாசிர், மலேசியாவை 2-1 என்றும் பிலிப்பீன்ஸை 2-0 என்றும் வென்று காட்டியும் பதவி ஜப்பானியரான நிஷிகயாவிடமே சென்றது. முன்பிருந்த தலைமைப் பயிற்றுநரைச் சாடியவர்களுக்கு அந்த வெற்றிகள் தர்மசங்கடமான சேதி. ஏனெனில் அதே தலைவரின் கீழ் அதே துணைவரும் இருந்தார்.

உண்மையான குற்றவாளிகளைத் தேடினால், சிறிய நாட்டின் குறைந்த ஆட்டக்காரர் எண்ணிக்கையும், பதினெட்டு வயதையொட்டி இளைஞர்களை ஈராண்டு அழைத்துக்கொள்ளும் தேசிய சேவையும் கைகோத்து நிற்கும். ஆனால் மக்கள்தொகையைப் பதவி நீக்க இயலாது. தேசிய சேவையைப் பரோட்டாக் கடையில் வைத்துத் திட்டுவதிலும் சுவையில்லை. இந்தியாவில் இச்சிக்கலுக்கு வேறொரு வழி முயலப்பட்டதாகத் தெரிகிறது: தேசிய அணியின் அப்போதைய பயிற்றுநர் ஆட்டக்காரர் தேர்வு பற்றி ஒரு சோதிடரிடம் ஆலோசித்தார் என்று 2023இல் இந்தியன் எக்ஸ்பிரஸ் செய்தி வெளியிட்டது. கிரகங்கள் துணைப் பயிற்றுநர்களாக இருப்பின் பழியைப் பங்கிடுவது எளிதென்பதில் ஐயமில்லை.

அந்த இந்திய அணியைத்தான் சிங்கப்பூர் 2025 அக்டோபர் 14 அன்று கோவாவில் 2-1 என வென்றது. நவம்பர் 18 அன்று ஹாங்காங்கையும் அதே கணக்கில் வீழ்த்தி, ஆசியக் கிண்ணத்துக்குத் தன் திறனால் முதன்முறையாகத் தகுதி பெற்றது. 1984இல் ஆடியது போட்டியை நடத்திய நாடு என்ற உரிமையில்தான். 2025 வெற்றிகளின்போது பொறுப்பிலிருந்தவர், அவ்வாண்டு ஜூனில் விலகிய சுட்டோமு ஒகுராவின் துணைவராக இருந்த கேவின் லீ. தகுதிச் சுற்றில் அதுவரை ஆடிய ஐந்து ஆட்டங்களில் சேர்ந்த 11 புள்ளிகளில் நான்கு ஒகுராவுக்கும் ஏழு லீக்கும் உரியவை என்று உடனே பங்கு பிரிக்கப்பட்டது. ஆனால் அந்த நான்கு புள்ளிகள் கிடைத்த காலத்தில் ஒகுராவின் பக்கத்திலேயே லீயும் இருந்ததால், ஒரே மனிதரை எந்த ஏட்டில் எழுதுவது என்று தெரியாமல் கணக்கர்கள் திகைத்தனர்.