கோட்டு போட்ட டாக்டர்

மெர்சி ஷிப்ஸ் என்று ஒரு கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு இருக்கிறது. 1978இல் தொடங்கியது. கப்பலையே ஆஸ்பத்திரியாக்கி ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் நிறுத்தி, பிளவுபட்ட உதடு, முகத்துக் கட்டி, கண்புரை என்று இலவசமாக ஆபரேஷன் செய்கிறார்கள். 2023இல் அவர்களுடைய ‘குளோபல் மெர்சி’ சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்குப் போய் நின்றது. டாக்டர், நர்ஸ் மட்டுமில்லை, சமையல்காரர், எலக்ட்ரீஷியன், கணக்கெழுதுகிறவர்கூடத் தொண்டராகப் போகலாம். கணக்கெழுதுகிறவர் என்று படித்ததுமே கர்த்தர் அழைப்பது என்னைத்தான் என்று முடிவுகட்டி, கோலார் தங்கவயலில் நான் குடியிருக்கும் ஸ்கெலட்டன் முழுக்கச் சொல்லிவிட்டேன். மிச்சத்தை அப்புறம்தான் படித்தேன். விமானச் செலவு நம்முடையது. கப்பலில் தங்கவும் சாப்பிடவும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். வேலையும் செய்து காசும் கொடுப்பதா? கர்த்தர் வேறு யாரையோ அழைத்திருக்கிறார்.

ஊர் விடுமா? பால் வாங்கப் போனால் “கப்பல் எப்போ?” முடிவெட்டப் போனால் “இன்னும் போலியா?” கடைசியில் பாஸ்டர்தான் இரக்கப்பட்டார். “கப்பல் கெடக்கட்டும் தம்பி. ஞாயித்துக்கிழமை நம்ம சபையிலயே கண் கேம்ப். வந்துடு.”

மிஷன் டாக்டர்களுக்குக் கண் கேம்ப் புதிதல்ல. 1940களின் பிற்பகுதியிலேயே வேலூர் சி.எம்.சி.யின் விக்டர் ராம்போ கிராமம் கிராமமாகப் போய், கிடைத்த கட்டடத்தில் மேசை போட்டுப் புரை எடுத்தவர். இப்போது அப்படிச் செய்ய மாட்டார்கள், கிருமி பயம். ஊரில் பரிசோதனை மட்டும். புரை முற்றியவர்களை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், லென்ஸ் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். ஆக, ஸ்கெலட்டனில் ஒரு சொட்டு ரத்தமும் சிந்தப்போவதில்லை. இது தெரிந்தும் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் வெள்ளைக் கோட்டு ஒன்று வாங்கினேன். மேல் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் சின்ன டார்ச்சும்.

முதலில் அட்டை. படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆங்கில ‘இ’ எழுத்தை நாலு திசையிலும் திருப்பிப் போட்டிருப்பார்கள். அதன் மூன்று கால்கள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று ஆறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர் கையால் காட்ட வேண்டும். அட்டையை நான் தலைகீழாக மாட்டிவிட்டு, கையிலிருந்த விடைத்தாளைப் பார்த்துத் திருத்தினேன். வந்தவர் எல்லாருமே ஃபெயில். ஸ்கெலட்டனில் இத்தனை குருடா என்று மனம் கலங்கி, ஒரு ஜெபம்கூடச் செய்தேன். நர்ஸம்மா வந்து அட்டையைத் திருப்பி மாட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அடுத்து, கண் பாப்பா விரியச் சொட்டு மருந்து போடுகிற வேலை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வரிசையாக ஊற்றிக்கொண்டே போனேன். அதில் ஒருவர் பாட்டியைக் கூட்டிவந்த பேரன். சாயங்காலம் வரை அவனால் வண்டி ஓட்ட முடியவில்லை. ஏனப்பா பேசாமல் இருந்தாய் என்றால், “கோட்டு போட்டிருந்தீங்களே சார்” என்கிறான்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். படிவம் எழுதிய கதையை அப்படிச் சொல்ல வரவில்லை.

சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, இருமல் உண்டா, மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குமா? கேட்டுக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை துளைத்த தாத்தா ஒருவர் பேரைச் சொல்வதற்குள் மூன்று தடவை இருமினார். “இருமல் இருக்கா தாத்தா?” “இல்ல சார்.” “இப்ப இருமுனீங்களே?” “இது இருமல் இல்ல சார், இது மைன்ஸு.” அபாரமான பதில் என்று ரசித்துவிட்டு, ‘இல்லை’ என்று டிக் அடித்தேன். கல்தூசி நுரையீரலில் படிந்து வருகிற சிலிகோசிஸ் பற்றி இந்தியாவிலிருந்து வந்த முதல் அறிக்கையே எங்கள் ஊரைப் பற்றித்தான். 1947இல் வந்தது. சோதிக்கப்பட்ட 7,653 பேரில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் அந்த நோய். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான்.

புரை ஆபரேஷனில் ஆளுக்கு மயக்கம் கிடையாது, கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி. முகத்தைத் துணியால் மூடி, பத்துப் பதினைந்து நிமிஷம் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். கத்தி கண்ணுக்குள் இருக்கும்போது ஓர் இருமல் போதும். ஆஸ்பத்திரியில் தாத்தா டேபிளில் படுத்ததும் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்துவிட்டார். சர்ஜன் படிவத்தைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார், முதலில் நெஞ்சு டாக்டரிடம் காட்டச் சொல்லித் திருப்பி அனுப்பினார். நாள் முழுக்கப் பட்டினி கிடந்த மனுஷன், அதே கண்ணோடு பஸ் ஏறினார். கூடப் போயிருந்த நான் முன் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்து பங்காருப்பேட்டை வரும்வரை தூங்குவதாக நடித்தேன்.

மூச்சுக்கு மருந்து சாப்பிட்டு அவர் மறுபடி போனபோது, தலைப்பக்கம் உயர்த்தி வைத்தே ஆபரேஷன் முடித்தார்கள். அந்த முறை பாஸ்டர் எனக்குக் கொடுத்தது வார்டு வாசலில் செருப்புக்கு டோக்கன் போடுகிற வேலை. கோட்டு வேண்டாம் என்று தனியாக வேறு சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் கட்டுப் பிரித்த தாத்தா கறுப்புக் கண்ணாடியோடு வெளியே வந்தார். செருப்பைக் காலருகே வைத்தேன். குனிந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

“ஏம்பா, போன தபா எழுதுனாரே, கோட்டு போட்ட டாக்டரு. அவரு வரலியா?”

“டிரான்ஸ்பர் ஆயிட்டாரு தாத்தா.”

“நல்லதாப் போச்சு” என்றார்.