குகை இல்லாத ஊரில் குகைப் படக் கண்காட்சி

கோல சிலாங்கூரில் எல்லாம் உண்டு. டச்சுக்காரன் 1784இல் பிடித்து, மறு வருடமே சுல்தானிடம் பறிகொடுத்துவிட்டு ஓடிய மலைக்கோட்டை உண்டு. அந்த மலாவத்தி மலை உச்சியில் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் உண்டு. அனுமதி கேட்காமல் சுற்றுலாப் பயணியின் தோளில் ஏறி உட்காரும் வெள்ளிக் குரங்கு உண்டு. கம்போங் குவாந்தானில் மின்மினி, ஈஜோக் வரைக்கும் செம்பனை, கரையோரம் முழுக்கச் சேறு. குகை மட்டும் கிடையாது. இந்தச் சேற்றில் எலி வளை தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். குகைக்கு எங்கே போவது?

இருந்தாலும் மலேசியாவில் குகைப் புகைப்படப் போட்டி என்று ஒன்று நடந்தால், அதை எங்கள் வட்டாரத்தில்தான் நடத்த வேண்டும் என்பது என் கட்சி. குகை வேண்டுமென்றால் ரவாங் பக்கம் அனாக் தாக்குன் இருக்கிறது. காரில் ஒரு மணி நேரம் போனால் பத்துமலையே இருக்கிறது. எங்களிடம் இருப்பது வேறு ஒரு சரக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

போட்டி என்றால் முதலில் செயலவை. ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர், மனஸ்தாபம் வராமல் இருக்க இரண்டு உதவித் தலைவர்கள், செயலாளர், பொருளாளர், பொருளாளரை நம்பாத இரண்டு கணக்காய்வாளர்கள். முதல் மூன்று கூட்டங்களும் பதாகையில் ஒய்.பி. படம் எந்த அளவு, டத்தோ படம் எந்தப் பக்கம் என்பதிலேயே தீர்ந்துவிடும். படங்களை எங்கே மாட்டுவது என்ற கேள்வி நான்காவது கூட்டத்தில் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் வரும். அதற்குள் மீகோரேங் வந்துவிடும், கூட்டம் கலைந்துவிடும். பரிசு ஹேம்பர். அதில் மைலோ டின் கட்டாயம்.

நடுவர் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். உயிரோடு இருப்பவர்களுக்கு மார்க் போட்டால் சண்டை வரும் என்பதால், முதலில் இறந்தவர்கள் பிரிவு. அவர்கள் மேல்முறையீட்டுக்கு வர மாட்டார்கள்.

முதல் விண்ணப்பம் வில்லியம் ஹோர்னடே என்ற அமெரிக்கருடையது. பத்துமலையை 1878இல் 'கண்டுபிடித்தவர்' என்று சுற்றுலாக் கையேடுகள் இவரைத்தான் கொண்டாடுகின்றன. தெமுவான் பூர்வகுடிகள் மழைக்கு ஒதுங்கிய குகை அது. 1860களிலிருந்து சீனர்கள் உள்ளே போய் வௌவால் எச்சத்தை மூட்டை மூட்டையாக அள்ளிக் காய்கறித் தோட்டத்துக்கு எருப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரே சாணம் அள்ளிய இடத்தை, சிலாங்கூர் போலீஸ் அதிகாரி சையர்ஸ் துணையோடு போய் இவர் கண்டுபிடித்தார். போலீஸ் வழிகாட்டிப் போய்ப் பார்த்த இடத்தைக் கண்டுபிடிப்பு என்று எழுத ஒரு தைரியம் வேண்டும். அது அவரிடம் நிறைய இருந்தது.

வந்த வேலையும் குகை பார்ப்பதல்ல. மிருகங்களைச் சுட்டு, தோலை உரித்து, நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் இருந்த ஒரு பாடம் போடும் நிறுவனத்துக்கு அனுப்புவதுதான் வேலை. பிற்காலத்தில் நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சிசாலைக்கு முதல் இயக்குநர் ஆனார். 1906இல் ஓட்டா பெங்கா என்ற காங்கோ இளைஞரை அங்கே குரங்குக் கூண்டில் நிறுத்தி மக்களுக்குக் காட்டியதும் இவருடைய நிர்வாகத்தில்தான். "கண்காட்சி நடத்துவதில் முன் அனுபவம் உள்ளவர்" என்று யாராவது இவருக்குச் சிபாரிசோடு வந்தால், அந்த அனுபவம் இதுதான். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. பத்துமலைக் குரங்குகளின் சார்பாகவும்.

அடுத்தவர் க. தம்புசாமிப் பிள்ளை. கேமரா கிடையாது, படம் கிடையாது, விண்ணப்பமும் அனுப்பவில்லை. ஆனாலும் சிறப்புப் பரிசு இவருக்குத்தான். ஹோர்னடே வௌவாலைப் பார்த்த அதே குகை வாசலில் இவருக்கு வேல் தெரிந்தது. 1890 வாக்கில் முருகனை உள்ளே வைத்தார். 1892இல் தைப்பூசம் தொடங்கியது. எந்த இடத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் புகைப்படக் கலையில் பாதி. அந்தப் பாதியில் பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு. அவர் பார்த்த கோணத்தில்தான் இன்று வரை கோடிக்கணக்கான பேர் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காப்புரிமை வாங்கியிருந்தால் அவருடைய வாரிசுகள் இன்று வேறு நிலைமையில் இருந்திருப்பார்கள்.

உலகப் பிரிவுக்கு வருவோம். பாரிஸ்காரர் நதார். 1858இல் பலூனில் ஏறி வானத்திலிருந்து படம் எடுத்த மனிதர். மேலே போனது அலுத்துப்போய் 1861இல் பூமிக்கு அடியில் இறங்கினார். பாரிஸ் நகரத்தின் அடியில் லட்சக்கணக்கான பிணங்களின் எலும்புகளை அடுக்கி வைத்த சுரங்கங்கள் உண்டு. அங்கே பேட்டரிகளை வரிசையாக வைத்து, கம்பி இழுத்து, மின்வில் விளக்கைக் கொளுத்தினார். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம் வரை கேமராவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. எலும்புகள் ஒத்துழைத்தன. உயிருள்ள தொழிலாளியைத்தான் பதினெட்டு நிமிடம் ஆடாமல் நிறுத்த முடியவில்லை. நதார் என்ன செய்தார்? துணிக்கடைப் பொம்மைக்குத் தொழிலாளி உடுப்பு மாட்டி, எலும்பு வண்டியை இழுப்பதுபோல் நிறுத்திவிட்டார். உலகத்தின் முதல் பாதாளத் தொழிலாளர் படங்களில் இருப்பது பொம்மை! பேட்டரியைச் சுமந்து இறக்கிய நிஜத் தொழிலாளி சட்டத்துக்கு வெளியே நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். இந்த இடத்தில்தான் நடுவருக்கு முதல் சந்தேகம் வந்தது.

சந்தேகம் அமெரிக்காவில் உறுதியானது. 1866இல் சார்ல்ஸ் வால்டாக் என்பவர் கென்டக்கி மாநிலத்து மாமத் குகைக்குள் மக்னீசியக் கம்பிகளைக் கட்டுக் கட்டாகக் கொளுத்திப் படம் எடுத்தார். நல்ல படங்கள், இரட்டைப் படக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் குகை எழுந்து நிற்கும். படங்களோடு அவர் பெயர் பளிச்சென்று இருக்கிறது. அந்தக் குகையை வெளியுலகத்துக்குத் திறந்துவிட்டவர் ஸ்டீபன் பிஷப் என்ற கறுப்பின அடிமை. குகைக்கும் அந்த அடிமைக்கும் ஒருவரே முதலாளி என்ற நிலையில், பிஷப் 1842இல் நினைவிலிருந்தே குகைக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார். வழிகாட்டி, விளக்குத் தூக்கி, எண்ணெய் தீர்ந்தால் நிரப்பி, விருந்தாளி வழுக்கினால் பிடித்து, வெளியே கொண்டுவந்து விட்டவர்கள் அவரும் அவரைப் போன்றவர்களும்தான். குகைப் படம் என்றால் விளக்குப் பிடித்தவன் இருட்டில். கேமரா பிடித்தவன் வெளிச்சத்தில். எல்லா ஊரிலும் இதே கதை.

கண்காட்சி நடத்துகிறவர்கள் படிக்க வேண்டிய பாடம் இன்னொன்று இருக்கிறது. நம்முடைய சென்னை ராணுவத்தில் இருந்த ராபர்ட் கில் என்ற அதிகாரியை, அஜந்தா குகை ஓவியங்களைப் பிரதி எடுக்கச் சொல்லி 1844இல் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பியது. மனிதர் புலிக்கும் காய்ச்சலுக்கும் நடுவே வருடக்கணக்கில் உட்கார்ந்து ஆள் உயரத்துக்குத் தைல ஓவியங்களாக வரைந்து தள்ளினார். இங்கிலாந்தில் கிரிஸ்டல் பேலஸ் மாளிகையில் கண்காட்சியாக வைத்தார்கள். 1866 டிசம்பரில் தீப்பிடித்துப் பெரும்பாலானவை சாம்பல். சரி, போனது போகட்டும் என்று பம்பாய் ஓவியப் பள்ளியின் கிரிஃபித்ஸும் மாணவர்களும் மறுபடியும் எல்லாவற்றையும் வரைந்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1885இல் அங்கேயும் தீ! இரண்டாயிரம் வருடம் குகை இருட்டில் பத்திரமாக இருந்த சித்திரத்தை வெள்ளைக்காரனிடம் பாதுகாக்கக் கொடுத்தால் இருபது வருடத்துக்கு ஒரு முறை கொளுத்திவிடுகிறான். நல்ல வேளை, கில் இடையில் கேமராவும் வாங்கியிருந்தார். அவருடைய அஜந்தாப் புகைப்படங்கள் 1864இலேயே நூலாக வந்துவிட்டதால் தப்பித்தன. ஆகவே எங்கள் மண்டபத்தில் தீயணைப்பான் இரண்டு. படங்களுக்கு நகல் ஒன்று. கற்பூரம் ஏற்றித் திறப்பு விழா செய்வதென்றால் வாசலிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

வெளிச்சக் கதைக்குத் திரும்புவோம். 1887இல் ஜெர்மனியில் மக்னீசியத் தூளோடு வேறு சில வெடி உப்புகளைக் கலந்து மின்னல் பொடி செய்தார்கள். ஒரு பளீர், ஒரு 'டமார்', பிறகு குகை முழுக்கப் புகை. இரண்டாவது படம் வேண்டுமென்றால் மறுநாள் வர வேண்டும். பொடி கலக்கும்போதே விரல் போனவர்கள் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு.

இப்போது எங்கள் சரக்குக்கு வருகிறேன்.

இருட்டுக் குகையில் படம் எடுக்கும் முறை இன்றைக்கும் அடிப்படையில் பழையதுதான். கேமராவை முக்காலியில் நிறுத்தி, கண்ணைத் திறந்து வைத்துவிட்டு, ஒருவர் விளக்கோடு பாறை பாறையாகப் போக வேண்டும். எந்தப் பாறைக்கு எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம், எந்தப் பக்கமிருந்து என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். விளக்கு கேமராவைப் பார்த்து ஒரு விநாடி திரும்பினாலும் படம் பாழ். கை நடுங்கினால் பாழ். அவசரப்பட்டால் பாழ்.

இந்த வேலையை வட சிலாங்கூர் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்திருக்கிறார்கள், சம்பளம் வேறு கணக்கில். விடியும் முன்பே ரப்பர்க் காட்டுக்குள் இறங்கும் வெட்டுக்காரருக்கு நெற்றியில் கார்பைட் விளக்கு. கீழ் டப்பாவில் கார்பைட் கல், மேல் டப்பாவில் தண்ணீர். குமிழைத் திருகினால் தண்ணீர் சொட்டும், வாயு கிளம்பும், ஊதுகுழல் முனையில் நாக்கு மாதிரி வெள்ளைச் சுடர் நிற்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். அந்தச் சுடரை வைத்துக்கொண்டு பால்மரத்தின் பழைய வெட்டுக்குக் கீழே மெல்லிய பட்டை மட்டும் வருகிற அளவுக்குக் கத்தியை இழுக்க வேண்டும். ஆழம் தவறி மரத்தில் காயம் பட்டால் கங்காணி கத்துவார். இருட்டில், கொசுக்கடியில், தலையை ஆட்டாமல், மரத்துக்கு மரம் அதே அளவு வெளிச்சம். ஐரோப்பாவின் குகை ஆராய்ச்சியாளர்கள் தலையில் மாட்டிக்கொண்டு போனதும் இதே விளக்குதான். அங்கே அதை மாட்டியவர் ஆய்வாளர், வீர சாகசக்காரர், சங்க உறுப்பினர். பத்தாங் பெர்ஜுந்தையில் மாட்டியவர் நாள்சம்பளக் கூலி.

இப்படிப்பட்ட நிபுணர்கள் தைப்பூசத்துக்கு லோரி ஏறிப் பத்துமலைக்குப் போவார்கள். 1920இல் மரப்படி வந்தது, பிறகு 272 சிமெண்ட் படிகள். மேலே போய்க் குடும்பமாக ஒரு படம். தோட்டத்தில் கேமரா வைத்திருக்கிறவர் ஒருவர். அவருக்கு அன்றைக்கு மாப்பிள்ளை மரியாதை. சுருளில் 36 படம். தைப்பூசத்தில் கொஞ்சம், பள்ளி விளையாட்டுப் போட்டியில் கொஞ்சம், மீதி தீபாவளி வரைக்கும் இழுபடும். கழுவி வருவதற்குள் படத்தில் இருக்கிற குழந்தை நடக்க ஆரம்பித்திருக்கும். கேமராவின் பிளாஷ் நாலைந்து மீட்டருக்கு மேல் போகாது. குகையின் கூரையோ ஏறக்குறைய நூறு மீட்டர் உயரத்தில். விளைவு: சுண்ணாம்பு பூசியதுபோல் ஆறு முகங்கள், பின்னால் கன்னங்கரேல். அந்தப் படத்தை எங்கள் லயத்துக் குளியலறையில் எடுத்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. வெளிச்சம் பிடிப்பதில் கைதேர்ந்த ஆறு பேரைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, கேமராக்காரர் வெளிச்சமில்லை என்று புலம்பிய கொடுமை அது. ஒருவருக்கும் அவர்களிடம் கேட்கத் தோன்றவில்லை. அவர்களும் சொல்லவில்லை, தோட்டத்தில் கேட்காமல் பேசிப் பழக்கம் இல்லை.

உயிரோடு இருப்பவர்கள் பிரிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 2006இல் 42.7 மீட்டர் முருகன் சிலை எழுந்த பிறகு, 300 லிட்டர் தங்கப் பூச்சைத் தாண்டி யார் கேமராவும் உள்ளே போவதில்லை. 2018இல் படிகளுக்கு வண்ணம் அடித்தார்கள்; அனுமதி வாங்கினீர்களா என்று பாரம்பரியத் துறை கேட்டது; அந்தச் சர்ச்சை முடிவதற்குள் உலகம் முழுக்க அந்தப் படி பரவிவிட்டது. குகைப் போட்டிக்குப் படம் அனுப்பச் சொன்னால் வருவதெல்லாம் வானவில் படியும் அதில் உட்கார்ந்திருக்கும் நாமும்தான். என் தீர்ப்பு: படிப் படங்களுக்குத் தனிப் பிரிவு, ஆறுதல் பரிசு, மைலோ இல்லாமல்.

இன்னொரு நிபந்தனை. பத்துமலையின் இருட்டுக் குகையில் மிக அரிய ஒரு சிலந்தி, கதவு போட்ட வளைக்குள் வாழ்கிறது. எங்கள் ஊர்ச் சதுப்புநிலப் பூங்காவை உருவாக்கிய மலேசிய இயற்கைக் கழகம்தான் அந்தக் குகைக்காகவும் வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றது. சிலந்தி, வௌவால் முகத்துக்கு நேரே பிளாஷ் அடித்தவர்களின் படம் கிழித்துப் போடப்படும். மின்மினிக்குப் பிளாஷ் அடிக்காதே என்று படகுக்காரர் அதட்டுகிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும்.

உங்கள் வீட்டுச் சுவரில் பழைய தைப்பூசப் படம் இருந்தால், கன்னங்கரேல் என்றாலும் பரவாயில்லை, அனுப்புங்கள். அதில் நிற்பவர்கள் யார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டுப் பின்பக்கம் எழுதிவிடுங்கள். புதிய படம் எடுப்பவர்களுக்கு விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கட்டங்கள்: படம் எடுத்தவர் பெயர், விளக்குப் பிடித்தவர் பெயர். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் படம் ஏற்கப்படாது. நுழைவுக் கட்டணம் பத்து வெள்ளியும் திரும்பக் கிடைக்காது.