மூடி மேல கை வைக்காத மருமகனே

கைய எடு மருமகனே. ரேடியேட்டர் மூடி மேல இருக்கிற கையத்தான் சொல்றேன். இன்னும் கல்யாணம் ஆகாத கை. மோதிரம் போட ஒரு விரலாவது மிஞ்சணும்ல? வா, வந்து இந்த மதகுக் கட்டுல உக்காரு. எனக்கும் முட்டி வலி. கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருப்போம்.

பதினோரு பேரு அவிசாவளையில உன்ன நம்பி ஏறினாங்க. சிவனொளிபாத மலைக்குப் போறவங்க. இப்ப பாரு, கினிகத்தேன ஏத்தத்துலயே நடந்து பழகுறாங்க, மேல தெரியுதே அந்தத் தேத்தண்ணிக் கட வரைக்கும். சாமி பாதத்தப் பாக்குறதுக்கு முன்னாடி அவங்கவங்க பாதத்த உன் வேன் காட்டிக் குடுத்திருச்சு. போக வேண்டிய ஊருக்குப் பேரு நல்லதண்ணி. போற வேன்ல கெட்ட தண்ணிகூட இல்ல.

கீழ கித்துல்கலையில, எங்க அப்பா காலத்துல, வெள்ளக்காரன் வந்து பாலம் கட்டி, ரயிலையும் சேத்து வெடி வச்சுக் கவுத்துப் படம் எடுத்தான். 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்'ன்னு 1957ல வெளிவந்துச்சு. அந்த ரயில் ஆத்துல விழுந்தப்பகூட இவ்வளவு ஆவி கெளம்பிருக்காது.

கோவிச்சுக்காத. ஒன்னு கேக்குறேன். சூட்டு முள்ளு ஏறினத நீ பாத்த. நான் முன் சீட்டுல இருந்து பாத்தேன், நீ பாத்தத. பாத்துட்டு பாட்டுச் சத்தத்தக் கூட்டின. அடுத்த வளைவுல முள்ளு மடமடன்னு கீழ இறங்குச்சு. நீ என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்ச பாரு, பரீட்சையில பாஸ் பண்ணின மாதிரி! அடேய், சூடு பாக்குற சென்சர் தண்ணிக்குள்ள முழுகி நிக்கணும். தண்ணி பூரா போயிட்டா அது வெறும் ஆவிக்குள்ள நிக்கும், என்னத்தச் சொல்லுறதுன்னு தெரியாம கீழ இறங்கிரும். காய்ச்சல்காரன் திடீர்னு சில்லுன்னு ஆனா சொகமாயிருச்சுன்னா சொல்லுவோம்? முள்ளு ஏறினா ஓரங்கட்டணும். ஏறின முள்ளு சும்மா இறங்கினா இன்னும் சீக்கிரம் ஓரங்கட்டணும்.

முன்னால என்ன கட்டியிருக்க? கமுகம்பாளை. சரி, மலைக்குப் போற வண்டி, கட்டத்தான் வேணும். அதுக்கு மேல யாத்திரை பேனர் ஒன்னு, கிரில்ல முழுசா மூடி. காத்து எந்த வழியா உள்ள போகும்? உன் போன் நம்பர் வழியாவா? பாளைய ஓரமாக் கட்டு, பேனர பின்னால கட்டு. பின்னால வர்றவன்தான் நின்னு வாசிக்கப் போறான், அதுலயும் இன்னைக்கு. அப்புறம் அந்த ரேடியேட்டர் இடுக்கப் பாரு: கொழுந்துச் சாக்கு நாரு, பூச்சி, சேறு. சாமிக்குக் கண்ணு தொறக்கத் தெரிஞ்ச பயலுக்கு ரேடியேட்டருக்குக் கண்ணு தொறக்கத் தெரியல. தண்ணி பீச்சிக் கழுவினா பத்து நிமிச வேல.

தேயில ஸ்டோர்ல மெசினுக்கெல்லாம் ரோதமுனி காவல்னு கும்பிடுறோம். நானும் கும்பிட்டவன்தான். ஆனா ரோதமுனிக்குத் தேங்கா ஒடைச்சவன் பெல்ட்டையும் இழுத்துப் பாத்துட்டுத்தான் பட்டன அமுக்குவான். நீ எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டு நேரா கெளம்புற.

சரி, முக்கியமான கணக்குக்கு வருவோம். இன்னைக்குக் காலையில ஒரு போத்தல் தண்ணி ஊத்தின. அவிசாவளையில ஒன்னு. நேத்தும் அப்படித்தான்னு உங்கம்மா சொல்லிச்சு. "பீலித் தண்ணி இருக்கிற வரைக்கும் எனக்கென்ன மாமா"ன்னு எங்கிட்டயே பீத்தின. உங்கம்மா கொழுந்து நிறுக்கிறப்ப ஒரு கிலோ குறைஞ்சாலே கணக்கப்பிள்ளைய வழிமறிச்சு, தராசப் பாத்து, பொஸ்தகத்தப் பாத்து, மூணு டிவிஷனுக்குக் கேக்குற மாதிரி நியாயம் பேசும். அந்த வயித்துல பொறந்த உனக்கு, இஞ்சின் தினமும் ரெண்டு மூணு போத்தல் தண்ணிய முழுங்குறப்ப ஒரு கேள்விகூட வரல. மூடி கட்டின சாமான் அது. உள்ள போற தண்ணி உள்ளயே சுத்தணும். குறையுதுன்னா எங்கயோ போகுது.

எங்க போகுதுன்னு தேடினியா? ராத்திரி வேனுக்கு அடியில பழைய காட்போட் மட்டைய விரிச்சு வை. காலையில எந்த எடத்துக்கு நேரா நனைஞ்சிருக்குன்னு பாரு. ஹோஸ் நுனியில பச்சையாவோ வெள்ளையாவோ பொரிஞ்சு காஞ்சிருந்தா, அங்க கசியுது. ஹோஸ அமுக்கிப் பாரு, ஆறின பெறகு. பழைய ரொட்டி மாதிரி வெரைச்சாலும் ஆகாது, கொழகொழன்னு ஊதினாலும் ஆகாது. வாட்டர் பம்ப்புக்குக் கீழ சின்னதா ஒரு ஓட்டை இருக்கும். அதுல சொட்டினா சீல் போச்சு, பம்ப் பிரியாவிட கேக்குதுன்னு அர்த்தம். கால் வைக்கிற கார்பெட் ஈரமா, தித்திப்பா மணந்தா ஹீட்டர்ப் பக்கம் ஒழுகுது.

வெளிய எங்கயும் ஈரமே இல்ல, ஆனா தண்ணி குறையுதா? அங்கதான் எனக்கு வயித்தக் கலக்கும். எண்ணெய் ஊத்துற மூடியத் தெறந்து பாரு. உள்பக்கம் பால் தேத்தண்ணி நெறத்துல கொழகொழன்னு படிஞ்சிருந்தா ஹெட் கேஸ்கட்ட சந்தேகப்படு. ஒரு எச்சரிக்க: நம்ம குளிர்ல கிட்டத்துல மட்டுமே ஓடுற வண்டிக்கு லேசா அப்படிப் படியும், ஒடனே ஒப்பாரி வைக்காத. பொகக் கொழாயில நிக்காம வெள்ளப் பொக, இனிப்பு வாடை, ஸ்டார்ட் பண்ணினதும் ரேடியேட்டருக்குள்ள குமிழி குமிழியா காத்து, இதெல்லாம் சேந்து வந்தா சந்தேகமே இல்ல. அப்ப பீலியோட தண்ணி பூராத்தையும் ஊத்தினாலும் ஆறாது. நீ தண்ணி போடுறதில்லன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லுறேன். உனக்கும் சேத்து வேன் போடுது.

இப்ப இந்த மூடி. உன் கண்ணு இன்னும் அங்கதான் போகுது, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நான் தோட்டத்து லொறி ஓட்டின காலத்துல ஸ்டோர்ல ஒரு டீமேக்கர் ஐயா இருந்தாரு. அவரு சொல்லித்தான் எனக்கே தெரியும். கடலோரத்துல தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். அட்டன்ல 96க்குக் கிட்ட. நுவரெலியாவுல, 1868 மீட்டர் ஒசரத்துல, 94லயே கொதிச்சிரும். மேல போகப் போக காத்தோட அமுக்கம் குறையுது, தண்ணிக்கு அவசரம் கூடுது. அதனாலதான் நுவரெலியாவுல திறந்த சட்டியில பருப்பு வேக ரொம்ப நேரமாகுது, உங்கத்த குக்கர் வாங்கித் தான்னு என் உயிர எடுத்திச்சு.

உன் இஞ்சின் நல்லா ஓடுறப்பவே உள்ள 90 டிகிரி இருக்கும். 94க்கும் 90க்கும் நடுவுல எவ்வளவு எடம்? நாலு டிகிரிய நம்பி நீ மல ஏறுற. அந்த எடத்த அகலமாக்குறதுதான் மூடியோட வேல. உள்ளுக்குள்ள ஸ்பிரிங்க வச்சு அமுக்கத்தப் புடிச்சு வச்சுக்கும். குக்கர் வெயிட்டு மாதிரிதான். நல்ல மூடி கொதிக்கிற சூட்ட 20 டிகிரிக்கு மேல ஒசத்தி விடும். அதுக்கு மேல பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தா இன்னும் கொஞ்சம் ஏறும், துருவும் புடிக்காது. உன் மூடியோட ரப்பரப் பாத்தேன். வெடிச்சுக் கெடக்கு. சில்லறைக் காசுச் சாமான், அத மாத்தாம வேனுக்கு ஸ்பீக்கர் மாத்தின.

குக்கர் விசில் போடுறப்ப உங்கத்த மூடியத் தெறக்குமா? உள்ள 100க்கு மேல சூடான தண்ணி, அமுக்கத்துக்குப் பயந்து தண்ணியாவே இருக்கும். மூடியத் திருகின அந்தச் செக்கன்ல பயம் விட்டுப் போய் கொதிதண்ணியும் ஆவியுமா மேல பாயும். இந்தக் கையப் பாரு. மணிக்கட்டுலேருந்து முழங்கை வரைக்கும். நீ சின்னப் பயலா இருந்தப்ப புலியோட சண்ட போட்டதுன்னு சொன்னேனே, அது பொய். இருபத்திரெண்டு வயசுல, கொழுந்து லொறியில, இதே மாதிரி ஒரு வளைவுல, "நான் பாத்துக்கிறேன்"னு சொன்னேன். பாத்துக்கிட்டேன். ஒன்றரை மாசம் ஆசுபத்திரிக்கு நடந்தேன்.

ஆறாத இஞ்சின்ல பச்சத் தண்ணிய ஊத்தவும் கூடாது. நம்ம பீலித் தண்ணி தை மாசத்துல பல்லு கூசும். கொதிக்கிற ஹெட்டுல அது விழுந்தா விரிசல் விழும், வளையும். அப்புறம் கராஜ்காரன் உன்ன மாப்பிள்ளன்னு கூப்புட ஆரம்பிச்சிருவான். ஆறின பெறகு, ஓட்டைய அடைச்சுட்டு, கூலன்ட் கலந்து ஊத்து. பச்சைக் கலர்ல இனிக்கும் அந்தச் சனியன். நாய், கொழந்தை கண்ணுல படாத எடத்துல வை, வெசம். மஞ்சத்தூள் போட்டா ஓட்டை அடைபடும்னு பழைய லொறிக்காரன் சொல்லுவான். அடைபடும். ஓட்டையோட சேத்து நல்ல கொழாயும் அடைபடும். அது ரேடியேட்டரா ரசச் சட்டியா? இன்னொருத்தன், தேர்மோஸ்டாட்டக் கழட்டி வீசு, சூடே ஏறாதுன்னு யோசனை சொல்லுவான். நம்ம குளிர்ல அதக் கழட்டினா இஞ்சின் சூடாகவே நாளாகும், டீசல் கூடக் குடிக்கும், உள்ள தேயும். சட்ட கிழிஞ்சா தைக்கணும், மேல் தோல உரிக்கக் கூடாது.

மூணு சில்லு ஓட்டுற உன் கூட்டாளி சிரிக்கிறான் பாரு. அவன் சிரிக்கலாம். அந்தப் பழைய பஜாஜ்ல ரேடியேட்டரே கெடையாது, காத்துலயே ஆறும். இல்லாத சாமான் கெடாது.

உன்னயும் முழுசா குத்தம் சொல்ல முடியல. 2020 மார்ச்சுல வாகனம் எறக்குறத நிப்பாட்டினாங்க, 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்கு வழி விட்டாங்க. அஞ்சு வருசமா கெழட்டு வண்டியெல்லாம் கொமரி வெலைக்குப் போச்சு. கடன்பட்டு வாங்கின. கெழவிய வாங்கினா கெழவியப் பாக்குற மாதிரிப் பாக்கணும். ஏத்தத்துல மேல் கியர்ல திணறவிட்டு மிதிக்காத. கீழ் கியரப் போடு, பம்ப்பும் ஃபேனும் சுத்தட்டும். முள்ளு ஏறினா ஏசிய நிப்பாட்டி, ஹீட்டர முழுசா தெற. சனத்துக்கு வேர்க்கும். நுவரெலியா ரோட்டுல வேர்த்த மொத ஆளுங்கன்னு பெருமையாச் சொல்லிக்கட்டும். அதுவும் நிக்கிறதுக்கு ஒரு நல்ல எடம் கெடைக்கிற வரைக்கும்தான், மேல ஏறிப் போறதுக்கு இல்ல.

இது ஒன்ன மட்டும் சிரிக்காம கேளு. சூடாகுதுன்னு எறக்கத்துல இஞ்சின நிப்பாட்டி உருட்டாத. நிப்பாட்டின வண்டிக்கு பிரேக் மிதிமிதியா கல்லாயிரும், ஸ்டேரிங் இறுகிரும், புடிச்சு நிறுத்த கியரும் இருக்காது. 2023 ஜனவரியில ரதல்ல எறக்கத்துல நடந்த விபத்துல ஏழு பேரு போனாங்க. அந்த ரோட்டுல போறப்பெல்லாம் எனக்கு வாயில பேச்சு வராது.

சரி. மணி என்ன? நம்ம உக்காந்து முக்கால் மணித்தியாலம் ஆச்சு. எனக்கு முட்டி வலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பேச்ச விட்டிருந்தா நீ இந்நேரம் மூடியத் திருகியிருப்ப. போ, மேல் ஹோஸத் தொட்டுப் பாரு. கை பொறுக்குதா? அப்ப சரி. மூடி மேல தடிப்பா துணியப் போட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, கால் சுத்து மட்டும் திருகு. உஸ்ஸுன்னு அடங்குற வரைக்கும் அப்படியே புடி.

என்னாது, துணி இல்லையா? என் சாரத்த எதுக்குப் பாக்குற? அந்த பேனர அவுடா.